இடது பின்சக்கரம்

சகலமானவர்களும் கையிலிருக்கும் வேலையைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுக்க வேண்டிய செய்தி இது. பாதி ஊருக்குக் கார் ஓட்டவும், மீதி ஊருக்கு அவர்களைக் கண்டால் ஒதுங்கவும் கற்றுக்கொடுத்த டிரைவிங் ஸ்கூல், தொடங்கிய நாள்தொட்டு இல்லாத வழக்கமாக இன்று விடுமுறை. போர் மூளவில்லை. வெள்ளம் வரவில்லை. பெரிய மனிதர் எவரும் கண்மூடவில்லை. ஸ்கூலின் ஒரே காருக்கு, இடது பின்சக்கரத்தில், ஐந்து வீல் போல்ட்டு மாற்றுகிறார்கள்.

ஸ்கூல் என்றவுடன் மணியும் மைதானமும் கற்பனை செய்ய வேண்டாம். வீட்டின் முன்னறை, அதில் ஒரு மேஜை, சுவரில் வெயில் பட்டு வெளுத்துப்போன சாலைக் குறிகள். வாசலில் ஒரு போர்டு. அதில் நிறுவனர், முதல்வர், தலைமைப் பயிற்சியாளர் என்று மூன்று பதவிகள் வரிசையாக இருக்கும். மூன்றுக்கும் ஒரே ஆள், ஒரே பேன்ட். ஊர் அவருக்கு வைத்த பெயர் கிளட்ச் வாத்தியார். வண்டிக்குள் உட்கார்ந்து "கிளட்ச்!" என்று அவர் ஒரு சத்தம் போட்டால், அடுத்த தெருவில் சைக்கிளில் போகிறவனும் இடது காலை அழுத்துவான்.

அவருடைய மனைவி, ஊர் வாயில் வாத்தியாரம்மா, வண்டிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு, மடியில் பிஸ்கட் டப்பாவின் மூடியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கழற்றின நட்டுகளை வாங்கி வைக்கிற உத்தியோகம். எதிரே சாக்கை விரித்து, வண்டியோடு பஞ்சாயத்துப் பேச வந்தவன் மாதிரி சப்பணமிட்டிருந்தான் அவளுடைய தம்பி. பஸ் டெப்போவில் மெக்கானிக். லீவு சொல்லிவிட்டு வந்திருந்தான். வானம் மூடிக் கிடந்தது. மழையும் பெய்யவில்லை, காற்றும் வீசவில்லை. இரண்டும் நீ முதலில், நான் முதலில் என்று மரியாதை பார்த்துக்கொண்டிருந்தன. தம்பியின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

"அக்கா, முன்சக்கரத்துக்குக் கல்லு குடுத்தியா?"

"முன்னாடியும் பின்னாடியும் குடுத்தாச்சு."

"அப்ப ஹேண்ட் பிரேக்கை எறக்கிட்டு வா. அது பிடிச்சிருந்தா பிரேக் ட்ரம் வராது."

இறக்கிவிட்டு வந்தாள். சக்கரம் ஏற்கெனவே கழன்று மரத்தில் சாய்ந்திருந்தது. தம்பி சுத்தியலால் ட்ரம்மைச் சுற்றிச் சுற்றித் தட்டினான். துருப்பிடித்த பழைய இரும்பு, கூப்பிட்டவுடன் வருமா? நாலு சுற்று தட்டி, நடுநடுவே அதன் பெற்றோரை விசாரித்தபின், கறுப்புத் தூளைக் கொட்டிக்கொண்டு கையோடு வந்தது. உள்ளே, சக்கரம் உட்காருகிற ஹப்பில், ஐந்து போல்ட்டுகள் இருக்க வேண்டும். மூன்று இருந்தன. மற்ற இரண்டும் ஒடிந்த பல் மாதிரி வெறும் அடிக்கட்டை.

மற்ற சக்கரங்களுக்கு இந்தக் கதி இல்லை. காரணம், வாத்தியாரின் கல்விக் கொள்கை. வேறு ஸ்கூலில் முதல் நாளே ஸ்டீரிங்கைக் கொடுத்துவிடுவார்கள். இங்கே முதல் பாடம் சக்கரம் கழற்றி மாட்டுவது. பட்டுப் புடவையில் வந்தாலும் சரி, டை கட்டி வந்தாலும் சரி. "ஸ்டீரிங்கைத் தொடறதுக்கு முன்னாடி சக்கரத்தைத் தொடு. நடுக்காட்டுல பஞ்சர் ஆனா உங்கப்பனா வருவான்?" என்று சொல்லி ஸ்பேனரை நீட்டுவார். மரநிழல் இடது பக்கம் பின்னால்தான் விழும் என்பதால், பரம்பரை பரம்பரையாக மாணவர்கள் அந்த ஒரு சக்கரத்தையே கழற்றி மாட்டினார்கள். மற்ற மூன்றும் மாமியார் வீட்டுக்கு விருந்து வந்த மாப்பிள்ளை போல, யாரும் தொடாமல், சொகுசாக உட்கார்ந்திருந்தன.

நேற்று நடந்தது இதுதான். பேங்க்கில் வேலை பார்க்கிற ஒரு அம்மா ஓட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வாத்தியார், பின்சீட்டில் வாத்தியாரம்மா. பாலத்து இறக்கத்தில் பின்னாலிருந்து தடதடவென்று சத்தம். "ரோடு சரியில்ல, நீங்க போங்க" என்றார் வாத்தியார். பேங்க் அம்மா எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவள், அதனால்தான் பிழைத்தாள். ஓரங்கட்டி நிறுத்தி, இறங்கிப் பார்த்தாள். சக்கரம் ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு போல்ட்டு ஒடிந்து போன இடம் தெரியவில்லை. தம்பி போய், மிச்சம் மூன்றையும் நம்பி, நடக்கிற வேகத்தில் வீடு கொண்டுவந்து சேர்த்தான்.

"என்ன மாப்ள, என்ன கோளாறு?"

வாத்தியார் வாசற்படியில் நின்றிருந்தார். குளித்துத் தலைவாரி, கையில் மடித்த பேப்பர்.

"போல்ட்டு மாமா. ரெண்டு ஒடிஞ்சிருக்கு. மிச்சம் மூணும் சாகக் கெடக்கு."

"ஒடியாம என்ன செய்யும்? இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பலம் எல்லாம் கையில, மண்டையில ஒண்ணும் கெடையாது. நட்டைப் பிடின்னா மல்லுக்கு நிக்கிறான். நட்டு யாரு மாப்ள? நட்டு சம்பந்தி. ரொம்ப நெருக்கினா முறிஞ்சிரும், கண்டுக்காம விட்டா கழண்டுக்கும்."

தம்பி வாய்விட்டுச் சிரித்தான். "சம்பந்தி! நல்லாச் சொன்னீங்க மாமா."

"அனுபவம் மாப்ள" என்று வாத்தியார் பேப்பரை அக்குளில் இடுக்கிக்கொண்டு, பாராட்டு விழா முடிந்த தலைவர் மாதிரி உள்ளே போனார்.

தம்பி ஒடிந்த போல்ட்டின் அடிக்கட்டையில் எண்ணெய் விட்டான். ஒரு பழைய நட்டை வைத்து, சுத்தியலால் ஓங்கி அடித்தான். பின்பக்கமாக மண்ணில் விழுந்தது. அடுத்தது, அதற்கடுத்தது. ஒடியாத ஒன்றைத் துணியால் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தான். பிடித்தவன் வைக்கவில்லை.

"அக்கா, இங்க பாரு."

"எனக்கு என்னடா தெரியும்?"

"தெரியும். புதுசையும் இதையும் பக்கத்துல வெச்சுப் பாரு. இடுப்பு சிறுத்திருக்கு பாரு நடுவுல. இது ஸ்டூடன்ட் பண்ற வேலையில்ல. அவங்க பண்ணா நட்டு கோணலா ஏறும், மரை நசுங்கும். இது இழுத்திருக்கு. ஸ்பேனர்ல பைப்பை சொருகி, மேல ஏறி நின்னு முறுக்கியிருக்காங்க. இறுகின பிறகும் முறுக்கியிருக்காங்க. ஒரு தடவை ரெண்டு தடவை இல்ல. இரும்பு சவ்வு மிட்டாய் மாதிரி நீண்டிருக்குன்னா எத்தனை தடவை முறுக்கணும்?"

அவள் இரண்டு போல்ட்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். அப்புறம் டப்பா மூடியில் வைத்தாள்.

"பைப்பு யாருக்கா குடுத்தது?"

"தண்ணிக் குழாய் மாத்தினப்ப மிச்சம் விழுந்தது. கொல்லையில கெடந்துச்சு."

"நான் அதைக் கேக்கல."

"டீ போட்டுக் கொண்டு வரட்டுமா?"

"உக்காரு."

உட்கார்ந்தாள். சொல்ல ஆரம்பித்தால் வரிசையாக வந்துவிடும் என்ற பயத்தில்தான் இத்தனை காலம் சொல்லாமல் இருந்தாள். காலையில் எழுந்ததும் வாத்தியார் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய் ஐந்து நட்டையும் முறுக்குவார். நல்ல பழக்கம்தான். டீ குடிக்க உள்ளே வருவார். குடித்துவிட்டு, "நட்டைப் பாக்கணுமே" என்று போய் முறுக்குவார். சட்டை மாற்ற வருவார். மாற்றியபின் போய் முறுக்குவார். முதலில் அவள், "இப்பதானே பாத்தீங்க" என்றாள். "எப்பப் பாத்தேன்? என்னைப் பைத்தியக்காரன்னு நெனச்சியா?" என்று சாமான்கள் அதிரக் கத்தினார். இரண்டாம் முறை சொன்னபோது கத்தவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார், தொலைந்துபோன குழந்தை போலீஸ்காரரைப் பார்ப்பதுபோல. கத்தினதே தேவலை என்றாகிவிட்டது. பிறகு அவள் சொல்வதில்லை.

"பைப்பு நான்தாண்டா எடுத்துக் குடுத்தேன்" என்றாள்.

தம்பி சுத்தியலைக் கீழே வைத்தான்.

"முறுக்க முடியல, கை வலிக்குதுன்னார். முறுக்கிட்டிருக்கிற வரைக்கும் கேட்டைத் தாண்ட மாட்டார்டா. கடைக்குப் போறேன்னு போன மனுஷன் வண்டியை அங்கேயே விட்டுட்டு நடந்து வந்தார். இன்னொரு நாள் நடந்தும் வரல. தையக்காரர் கூட்டிட்டு வந்து விட்டார். சக்கரத்துக்கிட்ட உக்காந்திருந்தா எனக்கு நிம்மதி. நான் உலை வெச்சுக்கிட்டே ஜன்னல் வழியாப் பாத்துக்குவேன். இருக்கார், இருக்கார்னு."

"ஏன்க்கா, எங்கிட்ட ஒரு வார்த்தை?"

"என்னன்னு சொல்றது? உங்க மாமா நட்டு முறுக்குறார்னா?"

"பின்சீட்டுல நீ எதுக்கு ஏறினேன்னு இப்பத்தான் தெரியுது. லேடீஸ் ஸ்டூடன்ட்டுக்குப் பாதுகாப்புன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு!"

அது அதிகாரபூர்வமான அறிவிப்பு. உண்மை வேறு. நாற்சந்தியில் வாத்தியாருக்குச் சட்டென்று வழி அற்றுப்போகும். ஆனால் முப்பது வருஷத்து மிடுக்கு லேசில் போகுமா? "எந்தப் பக்கம் திரும்பணும், நீங்களே சொல்லுங்க பாக்கலாம்" என்று பரீட்சை வைப்பதுபோல் மாணவனைக் கேட்பார். மாணவர்கள் அதை ஒரு புதிய பயிற்சி முறை என்று வியந்தார்கள். ஒருநாள் ஒரு பையன் நிஜமாகவே தன் அத்தை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டான். அதற்கப்புறம்தான் அவள் பின்சீட்டில் ஏறினாள். மடியில் ஒரு முறத்தில் உரிக்க வெங்காயம். இடது பக்கம் என்றால் ஒரு இருமல். வலது பக்கம் இரண்டு. வீட்டுக்குத் திரும்பலாம் என்றால் ஒரு நீண்ட தொடர் இருமல். வாத்தியாரும் அவளும் இதைப்பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அவள் இருமினாள், அவர் திரும்பச் சொன்னார். இத்தனை வருஷத்துக் குடித்தனத்தில் இவ்வளவு ஒற்றுமை இருந்ததில்லை.

"பேங்க் அம்மா காலையில போன் பண்ணாங்க" என்றாள். "நேத்து நடந்ததுக்கு ஒரு வார்த்தை திட்டலடா. உங்க இருமலுக்கு நெஞ்சை ஒரு படம் எடுத்துப் பாத்துருங்கம்மா, ஏதாவது பெருசா இருக்கப் போகுதுன்னாங்க."

தம்பிக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்து, பாதியில் முகத்தை முழங்கையால் துடைத்துக்கொண்டான். மூக்கில் கரி அப்பிக்கொண்டது.

"என்ன மாப்ள, என்ன கோளாறு?"

வாத்தியார் வாசற்படியில்.

"போல்ட்டு மாமா" என்றான் தம்பி, குரலைத் தாழ்த்தி.

"ஒடிஞ்சிருக்குமே? ஒடியாம என்ன செய்யும்? பலம் எல்லாம் கையில, மண்டையில ஒண்ணும் கெடையாது. நட்டு யாரு மாப்ள?"

தம்பி அக்காவைப் பார்த்தான். அக்கா கண்ணால் காட்டினாள்.

"யாரு மாமா?"

"சம்பந்தி! ரொம்ப நெருக்கினா முறிஞ்சிரும், கண்டுக்காம விட்டா கழண்டுக்கும்."

"நல்லாச் சொன்னீங்க மாமா."

"அனுபவம்" என்றார். உள்ளே போனார். பேப்பர் தலைகீழாக இருந்தது.

புதுப் போல்ட்டைப் பின்பக்கமிருந்து ஓட்டையில் நுழைத்து, முன்பக்கம் நாலைந்து வாஷர்களை அடுக்கி, நட்டைத் திருப்பிப் போட்டு, தம்பி மெல்ல மெல்ல இழுத்தான். கிறீச் கிறீச் என்று ஒவ்வொரு பல்லாக இரும்பு இரும்புக்குள் ஏறியது. தலை போய் ஹப்பில் முட்டியதும் ஒரு மந்தமான சத்தம். அடுத்தது. பேசவேண்டியதைப் பேசாமல் இருப்பதற்கு இதைவிட நல்ல வேலை கிடையாது. நாலாவதில்தான் வாயைத் திறந்தான்.

"அக்கா, வண்டி வேணாம்."

"தெரியும்."

"தெரியும்னா? நேத்து அந்தம்மா நிறுத்தலன்னா? பாலத்துல சக்கரம் தனியாப் போயிருக்கும். நீங்க மூணு பேரும் தனித்தனியாப் போயிருப்பீங்க. அந்தம்மாவுக்கு ரெண்டு புள்ளைங்க."

"தெரியும்டா."

"மாமா நடுரோட்டுல கல்லாட்டம் உக்காந்துட்டா வண்டியை எடுக்க உனக்கு ஓட்டத் தெரியுமா? நான் எடுத்துட்டுப் போயிடறேன். எங்க டெப்போ பக்கத்துல ஒருத்தர் கேட்டுட்டிருக்கார்."

"வண்டி இல்லன்னா அவரு யாருடா?" என்றாள். குரல் உயரவில்லை. "போர்டுல மூணு பதவி போட்டிருக்கு. மூணும் இந்த வண்டியிலதான் உக்காந்திருக்கு. காலையில எந்திரிச்சதும் எம் மூஞ்சைப் பாக்கிறதுக்கு முன்னாடி அதைத்தான் போய்ப் பாக்கிறார். வாசல்ல வண்டி இல்லன்னா என்னைத்தானே கேப்பார்? நான் வித்துட்டேன்னு சொல்லவா? திருட்டுப் போச்சுன்னு சொல்லவா? அதையும் தெனம் புதுசாச் சொல்லணும்டா. தெனம் ஒரு தடவை அவருக்கு வண்டி போகும்."

தம்பி ஐந்தாவது போல்ட்டைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான். "நான் சொல்லட்டுமா?"

"வேணாம். இன்னைக்கே நானே சொல்றேன். சாப்பிட்டுட்டுத் தூங்கி எந்திரிக்கட்டும்."

சொல்ல வேண்டிய வாக்கியத்தை அவள் அடுப்படியில் ஒத்திகை பார்த்தாள். சோறு வடித்து, முட்டை அவித்து, உரிக்கும்போது ஓட்டோடு சேர்த்து வெள்ளையையும் பிய்த்தெடுத்தாள். வாத்தியார் ருசித்துச் சாப்பிட்டார். அவருக்கு முட்டையை உதிர்த்துப் போட்டாள்; தம்பிக்கு முழுசாக. மூவரும் சாப்பிட்டபோது அவர் இரண்டு முறை, "வெளியில யாரோ வண்டியைப் பிரிச்சுப் போட்டிருக்கானே, யாரு?" என்று கேட்டார். எதிரில் உட்கார்ந்திருந்தவன், "நான்தான் மாமா" என்று இரண்டு முறையும் சொன்னான்.

தூங்கி எழுந்து வந்தபோது வாத்தியார் அழுத்தித் தேய்த்த சட்டையும் பேன்ட்டும் போட்டிருந்தார். பட்டன் ஒன்று மாறிப் போட்டதில் ஒரு பக்கம் காலர் காதைத் தொட்டது. ஷூவில் பாலிஷ். தம்பி ட்ரம்மை மாட்டி முடித்திருந்தான். சக்கரத்தை மட்டும் மாட்டாமல், அவள் சொல்வதற்காகக் காத்திருந்தான்.

அவள் முக்காலியிலிருந்து எழுந்தாள். "இங்க பாருங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

வாத்தியார் அவளைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். மரத்தில் சாய்ந்திருந்த சக்கரத்தையும், அவள் கையில் நட்டுகளோடு இருந்த டப்பா மூடியையும் பார்த்தார். நெற்றி சுருங்கி, பிறகு விரிந்தது. எல்லாம் தன் இடத்தில் போய் உட்கார்ந்ததுபோல ஒரு தெளிவு.

"வாங்கம்மா" என்றார். "லேட்டாயிடுச்சு, மன்னிக்கணும். இன்னைக்குத்தான் மொதல் கிளாஸா?"

அடுப்படியில் ஒத்திகை பார்த்த வாக்கியம் அவள் வாயிலேயே நின்றுவிட்டது. இத்தனை வருஷத்தில் அவர் அவளை 'வாங்க' என்று சொன்னதில்லை. கல்யாணத்தன்றுகூட, "ஏய், இந்தப் பக்கம் நில்லு" என்றுதான் போட்டோவுக்கு நிறுத்தினார்.

"மாமா..." என்று தம்பி எழுந்தான். அவள் கையைக் காட்டி அமர்த்தினாள்.

"ஆமா சார்" என்றாள். "மொதல் கிளாஸ்."

"பயப்படாதீங்க. ஸ்டீரிங்கைத் தொடறதுக்கு முன்னாடி சக்கரத்தைத் தொடணும். அதான் நம்ம ஸ்கூல். முன்சக்கரத்துக்குக் கல்லு இருக்கான்னு மொதல்ல பாருங்க. இருக்கா? நல்லது. இப்ப சக்கரத்தைத் தூக்கணும்னு அவசியமில்ல, உருட்டிக்கிட்டு வாங்க. தூக்கினா இடுப்பு பிடிச்சுக்கும். கால் விரலை அடியில குடுத்து நெம்புங்க. ஆங்."

சக்கரம் ஐந்து புதுப் போல்ட்டிலும் பொருந்தி உட்கார்ந்தது. அவர் தரையில் குந்தினார், பாலிஷ் போட்ட ஷூ மண்ணில் புதைய. அவள் விரலைப் பிடித்து நட்டின் சரிந்த பக்கம் எது என்று காட்டினார். அது உள்ளே பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் முதலில் கையாலேயே ஏற்றச் சொன்னார். எதிரும் புதிருமாக முறுக்கச் சொன்னார். ஒரு சொல் பிசகவில்லை, ஒரு படி விட்டுப்போகவில்லை. தம்பி சாக்கை மடிப்பதாகப் பேர் பண்ணிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவள் ஸ்பேனரில் அழுத்தினாள். நட்டு நின்றது. இன்னொரு முறை அழுத்தப் போனாள்.

"போதும்மா, போதும்" என்று கையைப் பிடித்தார். "நின்னுருச்சுன்னா விட்டுரணும். மேல மேல முறுக்கினா உள்ள இழுத்துக்கிட்டு ஒருநாள் சொல்லாமக் கொள்ளாம ஒடிஞ்சிரும். பாதிப் பேரு அந்தத் தப்பைத்தான் பண்றான், பயத்துல."

"சரிங்க சார்."

"நல்லா வருவீங்க. கை நிதானமா இருக்கு." துடைத்துக்கொள்ளத் தன் கர்ச்சீப்பை எடுத்துக் கொடுத்தார். காலையில் அவள் மடித்து வைத்தது. "பேரு என்னம்மா?"

சொன்னாள்.

"அட" என்றார் வாத்தியார். முகமெல்லாம் சிரிப்பு. "எங்க வீட்டுல அவ பேரும் அதுதான்."

கர்ச்சீப்பால் அவள் தன் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். கறுப்பு போகவில்லை. கேட்கக் கூடாது என்று நினைத்தாள். கேட்டுவிட்டாள்.

"அவங்களுக்கும் ஓட்டச் சொல்லிக் குடுத்தீங்களா சார்?"

"அவளுக்கு எதுக்கும்மா?" என்றார், கேள்வியே வேடிக்கையாக இருப்பதுபோல. "நான் இருக்கேன்ல."

மறுநாள் தம்பி வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போனான். வாத்தியார் ஒன்றும் கேட்கவில்லை. இப்போது அவரைக் காட்ட ஆஸ்பத்திரிக்கு இருவரும் பஸ்ஸில்தான் போகிறார்கள்.